வெறுங்கூடை

ஸுலீகாவின் அடுக்களைச் சுவரில் ஓர் ஓலைக்கூடை ஒரு வருஷமாக வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. தஸ்ரூத்தில் எந்த வீட்டிலும் கூடை சும்மா தொங்காது. வெங்காயம் கிடக்கும், காய்ந்த புதினாக் கட்டு கிடக்கும், ஒன்றுமில்லாவிட்டால் உடைந்த கரண்டியாவது கிடக்கும். இந்தக் கூடையில் அவள் ஒரு பூண்டுப் பல்லைக்கூடப் போடவில்லை. வீட்டுக்கு வரும் பெண்கள் அதை ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்த்து மழை வருமா என்று பேசுவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது.

ஊருக்குக் கிழக்கே ஓர் ஆறு. ஆறு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். வருஷத்தில் இரண்டு மூன்று நாள் செந்தண்ணீர் பாய்ந்தால் அதிகம், மற்ற நாளெல்லாம் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். இந்தப் பக்கம் மொரோக்கோ, அந்தப் பக்கம் அல்ஜீரியா. கோடு எங்கே போகிறது என்பதில் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஒரு தடவை சண்டை போட்டுப் பார்த்தார்கள். பிறகு சாலையை மூடினார்கள். இருபத்தேழு வருஷமாக அந்தப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்த பேரீச்சைத் தோப்பை, ஊரார் வாயில் வெறும் அக்கரை, அதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. தஸ்ரூத்துக்காரர்கள் காலையில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பார்கள், வேலை பார்ப்பார்கள், பொழுது சாய வந்துவிடுவார்கள். மரத்துக்கு எந்த நாடு என்று யார் கேட்டது.

ஸுலீகா பிறந்தது அக்கரைக்கும் அப்பால், பனீ ஸர்வானில். அவள் கல்யாணமாகி வந்தபோது சாலை திறந்திருந்தது. லாரியில் ஏறிய பெண்கள் நாலு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீடு வந்துவிட்டது. சாலையை மூடிய பிறகு பிறந்த வீடு நிலாவுக்குப் போய்விட்டது. உம்மா மவுத்தானதுகூட மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு அக்கரை இருந்தது. வருஷா வருஷம் மார்ச் மாதம் அவளுடைய அண்ணன் லக்தார் ஆட்டுத்தடத்தில் நடந்து, தோளில் ஒரு வெறுங்கூடையோடு, அவள் புருஷனின் தோப்புக்கு வருவார். ஆண்பூ கேட்டு.

பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காற்றை நம்பி விட்டால் பத்தில் ஒன்று பிடித்தால் பெரிய காரியம். மனிதன்தான் மரமேறி ஆண்பாளையை வெட்டி, கதிர்களை நிழலில் உலர்த்தி, பெண்பாளை வெடித்த பத்து நாளுக்குள் அதன் நடுவே தூளைத் தூவிக் கட்ட வேண்டும். ஊரில் இதற்குப் பெயரே கல்யாணம். ஆண்மரம் மாப்பிள்ளை. அந்தப் பத்து நாளும் ஆண்கள் மரத்துமேல் இருந்து பேசுகிற பேச்சைக் கேட்டால் கீழே நிற்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதுவும் முழுக்கப் பொத்தமாட்டார்கள்.

ஆண்பூவுக்கு விலை கிடையாது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதும் கிடையாது. கேட்கிறவர் வாயைத் திறக்கமாட்டார்; வெறுங்கூடையை மாப்பிள்ளை மரத்தின் அடியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்காருவார். மரத்துக்காரர் இறங்கி வந்து கூடையில் போடுவார். போட்டுவிட்டு "நிறைஞ்சுதா?" என்பார். உள்ளே இரண்டே கதிர் கிடந்தாலும் "நிறைஞ்சுது" என்று சொல்லித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கரை அக்கரை இரண்டுக்கும் இதில் ஒரே சட்டம்.

லக்தாருக்குப் பூ ஒரு சாக்குதான். கூடையை வைத்துவிட்டு அவர் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தால் உச்சிவெயில் தாண்டும். அவள் காலையிலேயே சுட்டுத் துணியில் பொதிந்து கொண்டுவந்த பார்லி ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி, உம்மாவின் மூட்டுவலி, யார் வீட்டில் பிள்ளை, எந்தக் கிணறு வற்றியது என்று ஒரு வருஷத்துக் கதையையும் சொல்வார். அவள் புருஷன் பூஸியான் மரத்தின்மேல் இருந்து, மச்சான் வந்தது பூவுக்கா ரொட்டிக்கா என்று தெரிந்தால் வேலையைச் சீக்கிரம் முடிப்பேன் என்று குரல் கொடுப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே கேலிதான். யாருக்கும் அலுக்கவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் அக்கரைக்கு அல்ஜீரிய ராணுவ வண்டிகள் வந்தன. மார்ச் இருபதுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார் ஓர் அதிகாரி. கத்தவில்லை, யாரையும் தள்ளவில்லை. எழுதி வைத்ததைப் படித்துவிட்டுப் போனார். பூஸியான் தன் வாப்பா காலத்துப் பத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு இக்கரையின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தேநீருக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

நூற்றிப் பத்து மரம். முப்பது அவர் வாப்பா வைத்தது, மற்றது அவர் கையால் வைத்தது. எல்லாம் அஸீஸா என்கிற உசந்த ரகம். கெடுவுக்கு முந்தின மூன்று நாளும் தஸ்ரூத்தில் ஒரு கடை திறக்கவில்லை. அக்கரையில் ஒரு குச்சிகூடச் சொந்தமில்லாதவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். பம்பு, குழாய், சூரியத் தகடு, கொட்டகையின் கதவு, கதவின் நிலை, வேரோடு தோண்டிய பக்கக்கன்றுகள் என்று கையில் ஏற்றியும் தலையில் ஏற்றியும் ஆற்றைக் கடத்தினார்கள். பெண்கள் மரத்தடியில் பெரிய பானை ஏற்றி, டர்னிப்பும் கேரட்டும் போட்டு கூஸ்கூஸ் அவித்தார்கள். கல்யாண வீடு மாதிரியும் இருந்தது, மவுத்து வீடு மாதிரியும் இருந்தது.

பூஸியான் மட்டும் எதையும் தூக்கவில்லை. மாப்பிள்ளை மரத்தில் ஏறி, வெடித்தது வெடிக்காதது என்று பார்க்காமல் பாளையெல்லாம் வெட்டிக் கீழே தள்ளினார். செம்பாறை அடிவாரத்தில் வெயிலை வாங்கி நிற்கும் மரம் அது. அந்த வட்டாரத்திலேயே முதலில் பூப்பது அதுதான், ஊர் முழுக்க அதில்தான் பூ எடுக்கும். ஒரு கதிரைக்கூட விட்டுவைக்கமாட்டேன் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டியதை ஸுலீகா கீழே நின்று பார்த்தாள்.

அப்போதுதான் லக்தார் வந்தார். தோளில் கூடை. பின்னால் இரண்டு சிப்பாய்கள்.

வழக்கம்போலக் கூடையை மரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். ஸுலீகா ரொட்டிப் பொதியை அவிழ்த்துக்கொண்டே அவரிடம் நடந்தாள். பூஸியான் மரத்திலிருந்து இறங்கினார். சிப்பாய்களைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"யார் கிணறு எதுன்னு காட்டிக் குடுக்கத்தான் வந்தீங்களா மச்சான்?"

லக்தார் பேசவில்லை. கூடை வைத்தவர் பேசக் கூடாது.

"பூவையும் அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குங்க. இனிமே மரம் அவங்களுதுதானே," என்று சொல்லிவிட்டுப் பூஸியான் குனிந்து கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

கூடையைக் கவிழ்ப்பதை அங்கிருந்த யாரும் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடைசியாக எப்போது நடந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சிப்பாய்களில் வயது கூடினவர் தலையைக் குனிந்துகொண்டார். லக்தார் எழுந்து, தங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வந்த வழியே போனார். அவள் கையில் ரொட்டி இருந்தது. கூப்பிடவும் முடியவில்லை, பின்னால் ஓடவும் முடியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கழுதை வண்டியில் ஏறினாள். உம்மா பின்னிய கூடை அது.

பிறகு விஷயம் தெரிந்தது. எல்லைக்கு இரு பக்கமும் போன் இருக்கிறதே, எது தெரியாமல் போகும். சிப்பாய்கள் லக்தாரை விடியற்காலையில் வீட்டிலிருந்து கூட்டிப்போயிருக்கிறார்கள், அக்கரைத் தோப்புக்காரருக்குச் சொந்தக்காரர் என்று. அவர் எந்தக் கிணற்றையும் காட்டவில்லை. அங்கே என் தங்கச்சி இருக்கிறாள், ஒரு கூடையை எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கொடுங்கள் என்றிருக்கிறார். பாளை கட்டும் ஹம்முதான் இதைக் கேட்டுவந்து சொன்னான். பூஸியான் போய்க் கழுதைச் சேணத்தைப் பிரித்துத் தைத்தார். அந்தச் சேணத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வெட்டி வந்த பூவுக்கும் நல்ல கதி கிடைக்கவில்லை. அந்த வாரம் வேண்டியதை ஊர் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷத்துக்கென்று மிச்சத்தை, ஆத்திரத்தில் ஈரம் காயாமல், பிளாஸ்டிக் உரச்சாக்குகளில் திணித்துக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார் பூஸியான். நாற்பது வருஷம் பூவைக் கையாண்ட மனிதர் செய்கிற காரியமா அது. இரண்டு வாரம் கழித்து ஹம்மு சாக்கை அவிழ்த்தபோது உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை மவுத்தாகிவிட்டார் என்று மெதுவாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ஊர் அவர்களைக் கைவிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆளாளுக்கு வந்து, என் மூன்றாவது வரிசையில் மூலை மரம் இந்த வருஷம் உனக்கு, கிணற்றோரத்து மரம் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப் பதினாலு மரம். தண்ணீர் முறையிலும் அரை மணி, கால் மணி என்று பிய்த்துக் கொடுத்தார்கள். நூற்றிப் பத்து மரத்துக்காரர் இரவல் தண்ணீரை இரவல் மரத்துக்குப் பாய்ச்சினார். முகம் சுருங்கித்தான் போனது, ஆனால் ஒரு மரத்தையும் வாடவிடவில்லை.

ஸுலீகாவுக்கு மரம் போனது வலிதான். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் போன் அடித்து, திரையில் அண்ணன் பெயர் வந்து, அவள் கையைக் கட்டிக்கொண்டு அது ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாளே, அது வேறு வலி. என்ன சொல்லி எடுப்பது? என் புருஷன் கூடையைக் கவிழ்த்தார், நீங்கள் நலமா என்றா? பெருநாளன்று மூன்று தடவை அடித்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. கூடையைச் சுவரில் மாட்டி வைத்தாள். புருஷனோடு சண்டை ஒன்றும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் ஜனவரியிலேயே வெயில் கொளுத்தியது. பிப்ரவரி முடிவதற்குள் அஸீஸா மரங்களெல்லாம் பாளை வெடித்தன, மூன்று வாரம் முந்தி. ஊருக்குள் இருக்கும் ஆண்மரங்களோ இறுக மூடிக்கொண்டு நின்றன. பெண்கள் எல்லாம் உடுத்தி வந்து உட்கார்ந்தாச்சு, மாப்பிள்ளைமார் குறட்டை விடுகிறார்கள் என்றான் ஹம்மு. மற்ற சோலைகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அங்கெல்லாம் குளிர் அதிகம், ஆண்பாளை இன்னும் தலையே காட்டவில்லை. தஸ்ரூத்துக்குப் பேரீச்சையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஹம்மு ஒரு மத்தியானம் வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தான். ஸுலீகா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பூஸியான் அவனுக்குத் தேநீரை உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றினார். அவன் இரண்டு கிளாஸ் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற விஷயமா இருந்தா சொல்லாதே."

"அப்ப சொல்லித்தான் ஆகணும். நேத்து ஆட்டைத் தேடி மேட்டுல ஏறினேன். அக்கரை மாப்பிள்ளை பாளை விட்டுட்டாரு. அங்கேயிருந்தே தெரியுது, தலையெல்லாம் வெள்ளை."

பூஸியான் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அங்கே நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான் இருக்காரு அண்ணே. ஊர்ல எல்லாரும் நினைக்கிறாங்க. உங்க முன்னால சொல்லத்தான் ஆளில்ல."

"நான் கவுத்த கூடைடா அது," என்றார் பூஸியான். குரல் அடங்கிப்போயிருந்தது. "எந்த வாயை வச்சுக்கிட்டு நான் அவர்கிட்ட கேக்குறது?"

ஸுலீகா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"வாயால கேக்கணும்னு யாரு சொன்னது? கூடைதானே கேக்கும்."

ஒரு வருஷத்தில் யாரும் கேட்காமல் அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான். ஹம்மு மூன்றாவது கிளாஸுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டான். அவனுக்கு வாய் நீளம் என்றாலும் எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரியும்.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது சுவரில் கூடை இல்லை. பூஸியான் அதை முற்றத்தில் வைத்து, ஈரத்துணியால் ஓலை ஓலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீயும் வர்றியா?" என்று கேட்டார். அவள் துணியில் நாலு ரொட்டியைப் பொதிந்துகொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது, பழக்கம்.

ஆற்றங்கரையில் இக்கரை ராணுவம் ஒரு கல்லுக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தது. அதைத் தாண்டக் கூடாது. பூஸியான் கூடையைக் கல்லின் அடியில், வாய் மேல்நோக்கி வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தார். எதிரே ஆறு, அதற்கப்பால் செம்பாறை, பாறையடியில் நாலாள் உயரத்துக்கு மாப்பிள்ளை மரம். மற்ற மரங்களின் மட்டைகள் வெட்டுவாரில்லாமல் காய்ந்து பாவாடை மாதிரி தொங்கின. ஸுலீகா அதைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் காவல் கொட்டகையிலிருந்து சார்ஜெண்ட் வந்தார். மலைநாட்டுக்காரர், இந்தப் பக்கம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கல்லைத் தாண்டிவிடாதீர்கள், எனக்குத்தான் தலைவலி என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"பூ கேக்குறேன்."

"யார்கிட்ட?"

"என் மச்சான்கிட்ட."

சார்ஜெண்ட் ஆற்றைப் பார்த்தார். ஒரு காக்கைகூட இல்லை. ஸுலீகா நடந்ததைச் சொன்னாள், கூடை கவிழ்ந்தது உட்பட. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. சார்ஜெண்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொட்டி வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் ஆப்பிள், எங்களுக்கு இந்த வேலையைத் தேனீயே பார்த்துவிடும் என்றார்.

"கொடுத்து வச்சவங்க," என்றார் பூஸியான். "தேனீகிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்கலையே."

சார்ஜெண்ட் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டியைத் தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டார்.

"இங்க உட்கார்ந்தா அவருக்கு எப்படித் தெரியும்? போட்டோ எடுத்து அனுப்புங்களேன். ஆளுதான் கல்லைத் தாண்டக் கூடாது. போட்டோவைத் தடுக்க எனக்கு உத்தரவு ஒண்ணும் வரல."

எங்கள் கொட்டகை படத்தில் விழக் கூடாது என்று அவரே போனை வாங்கி, முழங்காலிட்டு, சாய்ந்து பார்த்து எடுத்தார். படத்தில் வெள்ளைக்கல், கல்லின் அடியில் வெறுங்கூடை, ஆற்றுக்கப்பால் பூத்த தலையோடு மாப்பிள்ளை மரம். பூஸியான் அதை வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அனுப்பு," என்றார்.

ஒரு வார்த்தை எழுதாமல் அவள் அனுப்பினாள். அன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கெல்லாம் படத்துக்குக் கீழே இரண்டு நீலக் கோடு விழுந்தது. அண்ணன் பார்த்துவிட்டார். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஸுலீகா போனை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஆட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பூஸியான் அதைப் பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பச் சிரமப்பட்டார். கூடையைக் கவிழ்த்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் படம் வந்தது. பனீ ஸர்வான் வீட்டு மாடி. ஸுலீகாவுக்கு அந்தக் கைப்பிடிச் சுவரின் விரிசல்கூடத் தெரியும். சுவரோரம் வெள்ளைத் துணி விரித்து, அதில் ஆண்பூக் கதிர்கள் பரப்பி, மேலே கம்பளி கட்டி நிழல் போட்டிருந்தது. அங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

பூஸியான் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நிழல்லதான் காயப் போட்டிருக்காரு," என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

சரி, அந்தப் பக்கத்துச் சிப்பாய்களை எப்படியோ சம்மதிக்கவைத்து மச்சான் மரமேறிவிட்டார், பூ கிடைத்துவிட்டது. எப்படி வருவது? தஸ்ரூத்துக்கும் பனீ ஸர்வானுக்கும் நடந்தால் முக்கால் மணி நேரம். சாலைக்குப் பூட்டு, ஆற்றில் துப்பாக்கி, போன வருஷத்திலிருந்து வானத்தையும் மூடிவிட்டார்கள். ஆகவே மாப்பிள்ளை ஊரைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. சலித்த பூந்தூளை ஒரு பால்மாவு டின்னில் அடைத்து, லக்தார் பஸ்ஸில் ஓரான் நகரத்துக்குக் கொண்டுபோனார். பிரான்ஸில் மார்சே நகரத்தில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலை பார்க்கும் பனீ ஸர்வான் பெண் ஒருத்தி லீவு முடிந்து விமானம் ஏறினாள். அவளிடம் கொடுத்தார். மார்சே விமான நிலையத்தில் டின்னைத் திறந்து மோந்து பார்த்த அதிகாரி, இது என்ன என்று இன்னொருவரைக் கூப்பிட்டாராம். கல்யாணத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றாளாம் அவள். பொய் இல்லையே. ஏதோ முகத்துக்குப் பூசுவது என்று விட்டுவிட்டார்கள்.

ஊரில் ஹம்மு காலையும் மாலையும் செய்தி வாசித்தான். மாப்பிள்ளை கடலைத் தாண்டிவிட்டார். மாப்பிள்ளை மார்சேயில் நம் ஊர்க் கொத்தனார் மீலூத் வீட்டு அலமாரியில் இருக்கிறார். அங்கேயிருந்து நம் பக்கத்து ஊஜ்தா நகரத்துக்கு விமானம் ஏறுகிற ஆளாகத் தேடுகிறார்கள். கிழவிகள்கூட, மாப்பிள்ளை பிரான்ஸைப் பார்த்துவிட்டு நம் பெண்களைத் திரும்பிப் பார்ப்பாரா என்று கேட்டார்கள். சிரித்தார்களே தவிர எல்லோருடைய கண்ணும் மரத்தின் உச்சியில்தான். முதலில் வெடித்த பாளைகள் பழுப்பேறத் தொடங்கின. ஹம்மு ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று இறங்கி வந்தான். அன்றைக்கு மட்டும் அவன் எதுவும் கேலி பேசவில்லை.

டின் பனீ ஸர்வானை விட்டுக் கிளம்பிய ஒன்பதாம் நாள் காலை பஸ்ஸில், பிரான்ஸில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு மனிதரின் மடியில் உட்கார்ந்து, அது தஸ்ரூத் வந்து சேர்ந்தது. பஸ் நிலையத்திலிருந்து நேரே பூஸியான் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார் வீட்டுக்குப் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அஸீஸா வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு துணிமுடிச்சோடு சுவரோரம் நின்றார்கள்.

பூஸியான் கூடையில் சுத்தமான வெள்ளைத்துணியை விரித்து டின்னைக் கவிழ்த்தார். வெளிர்மஞ்சள் தூள். அந்த மணம் முற்றம் முழுக்க எழுந்தது, புளித்த மாவும் ஈரமண்ணும் கலந்த மாதிரி. கூடையின் அடி மறைகிற அளவுக்குத்தான் இருந்தது. நல்ல மாவோடு ஒன்றுக்கு நாலாகக் கலந்து தூவினால் மிச்ச மரத்துக்கெல்லாம் எட்டும் என்று ஹம்மு கணக்குச் சொன்னான். பூஸியான் இரண்டு கையாலும் அளைந்து கலக்கத் தொடங்கினார்.

அப்போது போன் அடித்தது.

திரையில் அண்ணன் பெயர். ஸுலீகா கையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை, புருஷனைப் பார்த்தாள். கூடை வைத்தவர் அவர். அவருடைய கை இரண்டும் மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்தது. அவள் போனைத் திறந்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள். முற்றத்தில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை, அதனால் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. ஸலாம் இல்லை, நலமா இல்லை.

"நிறைஞ்சுதா?"

பூஸியான் கூடையைப் பார்த்தார். அவள் போனை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"நிறைஞ்சுது மச்சான்," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் துடைக்கப்போய்க் கன்னமெல்லாம் மஞ்சளானது. ஹம்முவுக்கு அதைப் பார்த்துச் சொல்ல நல்ல கேலி ஒன்று வந்தது. விழுங்கிக்கொண்டான்.

ஸுலீகா போனைத் தன் காதில் வைத்தாள்.

"அண்ணே."

மறுமுனையில் லக்தார் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, அன்னைக்கு ரொட்டி தின்னாமப் போயிட்டேன். பசி தாங்கல."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. போனோடு படியேறி மாடிக்குப் போனாள். மாடியிலிருந்து பார்த்தால் அக்கரை மரங்களின் தலை தெரியும். கீழே ஹம்மு ஒவ்வொரு முடிச்சிலும் அளந்து போட்டுக்கொண்டிருந்தான், வாங்கியவர்கள் நின்று பேசாமல் தோப்புக்கு ஓடினார்கள். பூஸியான் மாவுச் சட்டியைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, அவள் இறங்கி வருகிறவரை தானே உலையைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு அஸருக்குப் பிறகுதான் ஆயிற்று.